கருவில் வளரும் உயிரும் கடவுள்மேல் நம்பிக்கையும்: கத்தோலிக்கர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எதிர்பாராமல் தங்கிய கரு, பயமுறுத்தும் ஸ்கேன் அறிக்கை, யாரிடமும் சொல்லாமல் பல வருடம் மனத்தில் பூட்டி வைத்த கருக்கலைப்பு. இந்தச் சுமைகளோடு பங்குத்தந்தையிடமும் உயிர்காப்புப் பணி செய்பவர்களிடமும் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இவை. மருத்துவம் தொடர்பான பதில்கள் பொதுவானவை. உங்கள் உடல்நிலைக்கு உங்கள் மருத்துவரே பதில் சொல்ல வேண்டும்.

கருவுற்ற நொடியிலிருந்தே அது மனித உயிர் என்று திருச்சபை ஏன் சொல்கிறது?

விந்தணுவும் கருமுட்டையும் இணைந்ததும் உருவாகும் செல்லில் இருக்கும் மரபுச் செய்தி தாயுடையதும் அல்ல, தந்தையுடையதும் அல்ல. அது புதிய ஒருவருடையது. அதன் பிறகு வெளியிலிருந்து அதற்குக் கிடைப்பவை உணவு, பிராணவாயு, இடம், காலம். கருவுற்று ஏறக்குறைய 22ஆம் நாள் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. பல பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போனது உறைக்கும் சமயத்திலேயே இது நடந்துவிடுகிறது.

விவிலியமும் கருவில் இருப்பவரை 'அவர்' என்றே பேசுகிறது. தாய் வயிற்றில் உருவாக்கும் முன்பே உன்னை அறிந்திருந்தேன் என்று ஆண்டவர் எரேமியாவிடம் சொல்கிறார் (எரேமியா 1:5). மரியாவின் வாழ்த்தைக் கேட்டதும் எலிசபெத்தின் வயிற்றில் குழந்தை துள்ளுகிறது (லூக்கா 1:41).

ஆன்மா எந்த நொடியில் வருகிறது என்பதைத் திருச்சபை தத்துவ முடிவாக வரையறுக்கவில்லை. ஆனால் கருவுற்ற நேரம் முதல் அவரை ஒரு நபராக மதித்து நடத்த வேண்டும் என்று 1987இல் வத்திக்கானில் போதனைகளைக் கவனிக்கும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் அறிவித்தது. 1995 மார்ச் 25 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடல் இன்னும் ஒரு படி போகிறது: இருப்பது மனித நபராக இருக்கலாம் என்ற வாய்ப்பு ஒன்றே அவரைக் கொல்லத் துணியாமலிருக்கப் போதும்.

புனித தோமா அக்குவினா, ஆன்மா சில வாரம் கழித்துத்தான் வருகிறது என்றாரே?

ஆம். 13ஆம் நூற்றாண்டு இறையியலாளரான அவர் காலத்து உயிரியல், பண்டைக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலுடையது. பாலூட்டிகளின் கருமுட்டை கண்டறியப்பட்டதே 1827இல்தான். ஆனால் ஆன்மா பற்றி எப்படிச் சொன்னாலும், எந்தக் காலத்திலும் திருச்சபை கருக்கலைப்பைச் சரி என்று சொன்னதில்லை. தொடக்கக் கிறிஸ்தவர்களின் 'டிடாக்கே' என்ற போதனை நூலிலேயே அதற்கான தடை வெளிப்படையாக இருக்கிறது.

தாயின் உயிருக்கு ஆபத்து என்றால்? குழந்தைக்காகத் தாய் சாக வேண்டும் என்பதா திருச்சபையின் போதனை?

இல்லை. இது போலத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட போதனை வேறு இல்லை, அந்தத் தவறால் உயிரே போகலாம் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

குழந்தையை நேரடியாகக் கொல்வது எந்த நோக்கத்துக்காகவும் கூடாது. ஆனால் தாயின் நோய்க்குத் தேவையான சிகிச்சையைத் தரும்போது, விரும்பாத விளைவாகக் குழந்தை இறக்க நேர்ந்தால் அது கருக்கலைப்பு ஆகாது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இலேயே இதைத் தெளிவாகச் சொன்னார். நான்கு நிபந்தனைகளைப் பார்க்க வேண்டும்: செய்யும் செயல் தன்னிலேயே தீயதாக இருக்கக்கூடாது, நாடுவது தாயின் நலமாக இருக்க வேண்டும், குழந்தையின் இறப்பே நலம் பெறும் வழியாக இருக்கக்கூடாது, தள்ளிப்போடவோ வேறு வழி பார்க்கவோ இயலாத அளவுக்குக் காரணம் கடுமையாக இருக்க வேண்டும்.

கருப்பையில் புற்றுநோய் இருந்து, பிரசவம்வரை காத்திருக்க முடியாவிட்டால் கருப்பையை அகற்றலாம். புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுக்கலாம். இரத்த அழுத்தம் கட்டுக்கடங்காமல் போனால், குழந்தை வெளியே பிழைக்கும் கட்டம் வந்த பிறகு முன்கூட்டியே பிரசவிக்கச் செய்யலாம். அப்போது இருவருமே நோயாளிகள், இருவருக்குமே சிகிச்சை.

கருக்குழாயில் கரு தங்குவது தனி விஷயம். அந்தக் கரு பிழைக்காது. குழாய் வெடித்தால் தாய் உள்ளுக்குள்ளேயே இரத்தம் சிந்தி இறந்துவிடலாம். பாதிக்கப்பட்ட குழாயை அகற்றும் அறுவையைக் கத்தோலிக்க ஒழுக்கவியலார் பரவலாக ஏற்கிறார்கள். மெத்தோட்ரெக்ஸேட் ஊசி (கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மருந்து), குழாயைத் திறந்து கருவை மட்டும் எடுப்பது ஆகியவற்றில் அவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. திருச்சபை இறுதித் தீர்ப்பு சொல்லவில்லை. கர்ப்பத்தின் முதல் வாரங்களில் அடிவயிற்றில் ஒரு பக்கமாகக் கடும் வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். போகிற வழியில் செபியுங்கள். செபித்து முடித்துவிட்டுப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள்.

புனித ஜியான்னா செய்ததுபோல ஒவ்வொரு தாயும் செய்ய வேண்டுமா?

கட்டாயமில்லை. ஜியான்னா பெரெத்தா மொல்லா இத்தாலியைச் சேர்ந்த குழந்தை மருத்துவர், மூன்று குழந்தைகளின் தாய். நான்காவது முறை கருவுற்றிருந்தபோது, 1961இல், கருப்பையில் கட்டி இருப்பது தெரிந்தது. கருப்பையையே அகற்றும் அறுவையை அவர் தேர்ந்திருந்தால், மேலே சொன்ன நெறியின்படி அதில் பாவம் இருந்திருக்காது. கட்டியை மட்டும் எடுக்கச் சொன்னார். குழந்தை 1962 ஏப்ரல் 21 அன்று பிறந்தது; வயிற்றறைத் தொற்றால் ஏப்ரல் 28 அன்று தாய் இறந்தார். 2004 மே 16 அன்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர் செய்தது கடமையைத் தாண்டிய அன்பு. அந்த அன்பை ஒருவர் தானாகத் தரலாம். இன்னொரு பெண்ணிடம் போய் 'நீயும் அப்படிச் செய்' என்று கேட்க எவருக்கும் உரிமை இல்லை.

கடவுளை நம்புகிறவர்கள் மருத்துவரிடம் ஓடலாமா? அது நம்பிக்கைக் குறைவு இல்லையா?

சீராக் நூலின் 38ஆம் அதிகாரத்தைத் திறந்து முதல் 15 வசனங்களை வாசியுங்கள். மருத்துவரை மதிக்கச் சொல்கிறது, மருந்தை மண்ணிலிருந்து படைத்தவர் ஆண்டவர் என்கிறது, நோயில் மன்றாடவும் சொல்கிறது, பிறகு மருத்துவருக்கு இடம் கொடுக்கவும் சொல்கிறது. இரண்டும் ஒரே பத்தியில் இருக்கின்றன. உயரத்திலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் சொன்னது யார் என்பதை நினைத்துப் பாருங்கள் (மத்தேயு 4:5-7). பரிசோதனையைத் தவிர்ப்பது, மாத்திரையை நிறுத்துவது, 'ஆண்டவர் பார்த்துக்கொள்வார்' என்று கருவுற்ற மகளைப் பட்டினி போடுவது, இவை எதுவும் நம்பிக்கை அல்ல.

குழந்தைக்குக் குறை இருக்கலாம் என்று பரிசோதனையில் வந்திருக்கிறது. என்ன செய்வது?

முதலில், எடுத்தது எந்த வகைப் பரிசோதனை என்று கேளுங்கள். பத்தாவது வாரத்திலிருந்து தாயின் இரத்தத்தில் எடுக்கும் மரபணுச் சோதனை, வாய்ப்பு அதிகமா குறைவா என்றுதான் சொல்லும். நோயை உறுதி செய்யாது. உறுதி செய்யப் பனிக்குட நீர்ச் சோதனை (15 வாரத்துக்குப் பிறகு) அல்லது நச்சுக்கொடித் திசுச் சோதனை வேண்டும். இரண்டிலும் கரு கலையும் ஆபத்து சிறிய அளவில் உண்டு.

'99 சதவீதம் துல்லியம்' என்ற சொல்லில்தான் பலர் இடறுகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு வரும் குறைபாடு என்று வைத்துக்கொள்வோம். 10,000 கர்ப்பங்களில் 10 குழந்தைகளுக்கு அது இருக்கும். நல்ல சோதனை பத்தையும் கண்டுபிடித்துவிடும். ஆனால் குறையே இல்லாத 9,990 பேரில் ஆயிரத்துக்கு ஒருவர் வீதம் தவறாகக் காட்டினாலும், அது இன்னொரு 10 பேர். ஆக, 'இருக்கிறது' என்று வந்த 20 அறிக்கைகளில் பாதி தவறு. குறைபாடு அரிதாக இருக்க இருக்க, தவறின் பங்கு கூடும். அதனால் மருத்துவரிடம் இப்படிக் கேளுங்கள்: "என் வயதில், இந்த முடிவு உண்மையாக இருக்க எத்தனை சதவீத வாய்ப்பு?"

கருவிலேயே சோதிப்பதைத் திருச்சபை தடுக்கவில்லை. குழந்தையைக் காக்கவோ குணப்படுத்தவோ அது உதவ வேண்டும் என்கிறது திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி நூல் (எண் 2274). முன்பே தெரிந்தால் இதய அறுவை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்யலாம். அதே குறையோடு வளரும் குழந்தைகளின் பெற்றோரைச் சந்திக்கலாம். மருத்துவர் ஒரே சந்திப்பில் முடிவு கேட்டால், நேரம் கேட்டு எழுந்து வாருங்கள்.

பிறந்து சில நிமிடமோ சில நாளோதான் வாழும் என்று உறுதியானால், பிறப்புக்கு முன்பே ஆறுதல் பராமரிப்புத் திட்டத்தை ஒரு தாளில் எழுதி, பிரசவ அறையில் இருக்கப்போகும் எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள். குழந்தையின் பெயர், யார் திருமுழுக்குக் கொடுப்பது, பிறந்ததும் தாயின் மார்பில் படுக்க வைப்பது, சூடு குறையாமல் போர்த்துவது, வலி தெரிந்தால் மருந்து, எந்த உயிர்காப்புக் கருவி வேண்டும், எது வேண்டாம், யார் படம் எடுப்பது, பாதத் தடம் பதிப்பது. பயன் தராத, சுமையான சிகிச்சையை மறுப்பது கொலை ஆகாது.

தோழி ஒருத்தி கருக்கலைப்பை நினைக்கிறாள். என்ன பேசுவது?

முதல் பத்து நிமிடம் வாதாடாதீர்கள். பெரும்பாலும் அவளுக்கு வேண்டாதது குழந்தை அல்ல. அவளைச் சூழ்ந்திருக்கும் நிலைமை. "உனக்கு எது ரொம்பப் பயமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பதில் வீட்டு வாடகையாக இருக்கலாம், அப்பாவாக இருக்கலாம், கைவிட்டுப் போனவனாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம். அந்த ஒன்றுக்குத்தான் முதலில் வழி தேட வேண்டும். வீட்டில் அடி விழுமா, பாதுகாப்பான இடம் வேண்டுமா என்பதையும் மறைக்காமல் கேளுங்கள்.

அடுத்து மருத்துவரிடம் கூடவே போங்கள். கரு கருப்பைக்குள் இருக்கிறதா, எத்தனை வாரம் என்று ஸ்கேனில் தெரியும். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட் வழக்கமான அளவு. அவளுக்கு வேறு நோய் இருந்தால் அளவை மருத்துவர் சொல்வார். பிறகு யார், எது, எப்போது என்று எழுதுங்கள்: இந்த வாரம் எங்கே தங்குவாள், அவள் பெற்றோரிடம் யார் பேசுவது, பிரசவச் செலவுக்கு யார் பொறுப்பு, பிறந்த பிறகு முதல் மூன்று மாதம் யார் உடனிருப்பது. குழந்தையை வளர்க்க முடியாது என்றால் சட்டப்படித் தத்துக் கொடுக்கலாம். கையில் கொடுத்து வாங்கும் இரகசிய ஏற்பாடு வேண்டாம்.

இங்கே நல்ல மனம் உள்ளவர்களே செய்யும் தவறு, செய்ய முடியாததை வாக்களிப்பது. 'எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்' என்று சொல்லிவிட்டு ஏழாம் மாதத்தில் கைவிட்டால், அவளுடைய நம்பிக்கை மனிதர்மேல் மட்டும் உடைவதில்லை. செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள். பயங்கரமான படங்களைக் காட்டாதீர்கள். அவள் கருவைக் கலைத்துவிட்டு வந்தாலும் கதவைத் திறந்தே வையுங்கள். அப்போது கடும் இரத்தப்போக்கோ, காய்ச்சலோ, துர்நாற்றமுள்ள கசிவோ இருந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

பாலியல் வன்முறையால் கருவுற்றவளிடமும் இதையே சொல்வீர்களா?

அவளுக்கு நடந்தது கொடுமை. அதை முதலில் சொல்ல வேண்டும், மீண்டும் மீண்டும் சொல்ல வேண்டும். உடனடித் தேவை மருத்துவமனை: காயங்களுக்குச் சிகிச்சை, தடயச் சேகரிப்பு, எச்ஐவி தடுப்பு மருந்து. அந்த மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். கரு தங்கிவிட்டால் அந்தக் குழந்தை இன்னொரு அப்பாவி. குற்றவாளி செய்த குற்றத்துக்கு அதற்குத் தண்டனை தர முடியாது. இதைச் சொல்கிறவருக்கு அவளோடு காவல் நிலையத்துக்கும், நீதிமன்றத்துக்கும், மனநல ஆலோசகரிடமும் நடக்கிற கடமையும் சேர்ந்தே வருகிறது. நடக்கத் தயாராக இல்லாதவர் பேசாமலிருப்பதே மேல்.

நான் கருக்கலைப்புச் செய்தேன். எனக்கு மன்னிப்பு உண்டா?

உண்டு. முழுமையாக உண்டு.

2016 நவம்பர் 20 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட திருத்தூது மடலின்படி, இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரம் எல்லாக் குருக்களுக்கும் நிரந்தரமாக உண்டு. முன்பு பல மறைமாவட்டங்களில் ஆயரின் அனுமதி தேவைப்பட்டது. அந்தப் பழைய செய்தியை நம்பி இன்றும் தயங்கி நிற்பவர்கள் பலர்.

பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஒப்புரவு அருளடையாளத்தில், சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். கடைசியாக எப்போது ஒப்புரவு பெற்றீர்கள், கருக்கலைப்புச் செய்தீர்கள் என்பது, எத்தனை முறை. யாராவது வற்புறுத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். எந்த மருத்துவமனை, யார் தகப்பன், எப்படி நடந்தது என்பவை தேவையில்லை. அழுகை வந்து பேச முடியாவிட்டால், "சாமி, கருக்கலைப்புப் பற்றிச் சொல்லணும், உதவி செய்யுங்க" என்றால் போதும், குரு கேட்டு வழிநடத்துவார். உங்கள் பங்கில் தெரிந்தவர் என்று கூச்சமாக இருந்தால் வேறு ஆலயத்துக்குப் போகலாம். கேட்டதைக் குரு எவரிடமும் சொல்லக்கூடாது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைத்தால் அவரே சபைவிலக்குக்கு (அருளடையாளங்களைப் பெற முடியாதபடி விலக்கி வைக்கும் திருச்சபைத் தண்டனை) ஆளாவார்.

முன்பு வேண்டுமென்றே இதை மறைத்துவிட்டுச் செய்த பாவசங்கீர்த்தனங்கள் செல்லாதவை. அப்படி என்றால் அதையும் சொல்லி, அதன் பிறகு செய்த பெரும் பாவங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். மறந்திருந்தால் அது வேறு. அந்த மன்னிப்பு செல்லும், நினைவுக்கு வந்ததும் அடுத்த முறை சொன்னால் சரி. மன்னிப்புப் பெற்ற பிறகும் அதே பாவத்தை மறுபடி மறுபடி வந்து சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மன்னிப்பில் குறை இல்லை. துக்கம் இன்னும் ஆறவில்லை. குழந்தைக்கு ஒரு பெயர் வைத்து, இறைத் தந்தையின் இரக்கத்தில் ஒப்படைத்து, குழந்தைக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுங்கள். தூக்கமின்மை, குழந்தைகளைக் கண்டால் பதற்றம், சாக வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள்.

சபைவிலக்கு தானாகவே விழுந்துவிடும் என்கிறார்களே?

திருச்சபைச் சட்டம் 1397, பிரிவு 2 அப்படித்தான் சொல்கிறது (2021 டிசம்பர் 8க்கு முன் இது 1398ஆம் எண்). ஆனால் எல்லோருக்கும் விழுவதில்லை. 18 வயது நிறையாதவர், இப்படி ஒரு தண்டனை இருப்பதே தன் தவறின்றித் தெரியாதவர், கடும் அச்சத்தால் தள்ளப்பட்டவர் ஆகியோரை அது தானாகப் பற்றாது. இதை நீங்களே ஆராய்ந்து தீர்ப்பெழுத வேண்டாம், குருவிடம் சொல்லுங்கள்.

பணம் கொடுத்த கணவனும், மிரட்டிய தாய் தகப்பனும், செய்த மருத்துவரும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. அவர்களில்லாமல் நடந்திருக்காது என்றால் அவர்களுக்கும் இதே சட்டம், இதே மன்னிப்பு.

கரு தானாகக் கலைந்துவிட்டது. திருமுழுக்குப் பெறாத எங்கள் குழந்தை எங்கே இருக்கிறது?

முதலில், இது உங்கள் தவறு அல்ல. தெரிந்த கர்ப்பங்களில் நூற்றுக்கு 10 முதல் 20 வரை தானாகக் கலைகின்றன. ஆரம்ப வாரங்களில் பெரும்பாலும் குரோமோசோம் பிழையே காரணம். மாடிப்படி ஏறியதோ, கோபப்பட்டதோ, பழைய பாவமோ காரணம் அல்ல.

'லிம்போ', அதாவது திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகள் விண்ணகமும் நரகமும் அல்லாத ஓர் இடத்தில் இருப்பார்கள் என்பது, இறையியலாரின் கருத்தாக இருந்தது. விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. இந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கிறோம், மீட்பு உண்டு என்று எதிர்நோக்கலாம் என்கிறது மறைக்கல்வி நூல் (எண் 1261). திருமுழுக்குக் கொடுக்க எண்ணியிருந்த பெற்றோரின் குழந்தைக்கு, ஆயரின் அனுமதியோடு அடக்கச் சடங்கு நடத்தலாம் (சட்டம் 1183, பிரிவு 2). எவ்வளவு சிறிய உடலானாலும் மருத்துவமனையிடம் கேட்டு வாங்கலாமா என்பதை உடனே விசாரியுங்கள். தாமதித்தால் கழிவோடு போய்விடும்.

சாகும் நிலையில் உள்ள குழந்தைக்கு நாங்களே திருமுழுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், கொடுக்க வேண்டும். அவசரத்தில் யாரும் கொடுக்கலாம், செவிலியர் வேற்று மதத்தவராக இருந்தாலும். திருச்சபை செய்வதைச் செய்யும் எண்ணம் போதும். தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "(பெயர்), தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்லுங்கள். ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும். 'நான்' என்பதற்குப் பதில் 'நாங்கள்' என்று சொன்னால் செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் உறுதிப்படுத்தியது. ஈரத் துணியால் ஒற்றுவது போதாது, நீர் தோலின்மேல் ஓட வேண்டும். இன்குபேட்டரில் இருந்தால் வெதுவெதுப்பான சுத்திகரித்த நீர் சில துளிகள் போதும். பிறகு பங்குப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். உயிர் பிரிந்தது உறுதியானால் திருமுழுக்கு இல்லை, அருளடையாளங்கள் உயிரோடு இருப்பவர்களுக்கே. பெயர் வைத்து ஆசீர்வதித்துச் செபியுங்கள்.

சோதனைக்குழாய் முறையில் குழந்தை பெறலாமா?

கூடாது. அந்த முறையில் கருக்கள் உறைய வைக்கப்படுகின்றன, தேர்ந்தெடுக்கப்படுகின்றன, எறியப்படுகின்றன. கணவன் மனைவியின் ஒன்றிப்பிலிருந்து பிறப்பும் பிரிக்கப்படுகிறது. ஆனால் அப்படிப் பிறந்த குழந்தை மற்ற எந்தக் குழந்தைக்கும் மதிப்பில் குறைந்ததல்ல, திருமுழுக்குக்கு ஒரு தடையும் இல்லை. அடைப்பு நீக்கும் அறுவை, ஹார்மோன் சிகிச்சை, ஆணின் குறைக்கான சிகிச்சை எல்லாம் தாராளமாகச் செய்துகொள்ளலாம்.

செபித்தோம், நம்பினோம். குழந்தை இறந்துவிட்டது. இனி எதை நம்புவது?

உங்கள் நம்பிக்கை போதவில்லை என்று யாராவது சொல்லியிருந்தால், அதைத் தூக்கி எறியுங்கள். இறப்பதற்கு முந்தின இரவு கெத்சமனித் தோட்டத்தில் இயேசு அகற்றக் கேட்ட துன்பக் கிண்ணமும் அகலவில்லை. அவர் மன்றாட்டில் இரண்டு பாதி உண்டு: 'இது என்னைவிட்டு அகலட்டும்', 'உம் விருப்பப்படியே ஆகட்டும்'. முதல் பாதியைச் சொல்லாமல் இரண்டாம் பாதிக்குத் தாவ அவரே முயலவில்லை. நீங்களும் கேளுங்கள், அழுங்கள், கோபத்தையும் சொல்லுங்கள். திருப்பாடல் 88 முழுவதும் இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதையும் திருச்சபை செபமாக வைத்திருக்கிறது. வார்த்தை வராத நாட்களில், போலந்துத் துறவி புனித ஃபவுஸ்தீனாவுக்கு இயேசு கொடுத்த ஒரே வரி போதும்: "இயேசுவே, உம்மில் நம்பிக்கை வைக்கிறேன்."

வெளியில் இறங்கி வேலை செய்ய முடியாதவர்கள் என்ன செய்யலாம்?

கருக்கலைப்பு ஆபத்தில் உள்ள ஒரு குழந்தையை ஆன்மீக முறையில் தத்தெடுக்கலாம். பேராயர் ஃபுல்டன் ஷீன் பரப்பிய வழக்கம் இது. யாரென்று தெரியாத ஒரு குழந்தைக்குப் பெயர் வைத்து, ஒன்பது மாதம் தினமும், "இயேசு, மரியா, சூசையே, உங்களை மிகவும் அன்பு செய்கிறேன். நான் தத்தெடுத்த, ஆபத்தில் இருக்கும் இந்தப் பிறக்காத குழந்தையின் உயிரைக் காத்தருளுங்கள்" என்ற பொருளில் மன்றாட வேண்டும். மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25இல் தொடங்கினால் டிசம்பர் 25இல் முடியும்; வேறு எந்த நாளிலும் தொடங்கலாம். நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, மறுநாள் தொடருங்கள். குழந்தையின் தாய்க்காகவும் அதே மூச்சில் ஒரு அருள்நிறை மரியே சேர்த்துக்கொள்ளுங்கள்.